உடம்பு எனக்கு, சிறகு மச்சானுக்கு

ஏழு லட்சம், ஒரு பைசா குறைந்தாலும் கிடையாது, என்று துண்டுக்கு அடியில் என் விரல்கள் மச்சானின் விரல்களிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றன, கை முழுவதையும் ஒரு அமுக்கு, அது ஐந்து, அப்புறம் இரண்டு விரலை மட்டும் சேர்த்து ஒரு பிடி, ஆக ஏழு, விற்பனைக்கு நிற்பது நீலக்கல்லும் இல்லை மாணிக்கமும் இல்லை, சிறகில்லாத ஒரு பறக்கும் படகு, எங்கள் முழங்கால்களுக்கு நடுவே தண்ணீரே இல்லாத இடத்தில் அது மிதந்துகொண்டு நிற்கிறது, மச்சான் பதில் விலை சொல்ல மாட்டேன் என்கிறான், அவன் விரல்கள் என் உள்ளங்கைக்குள் மீனைப் போல வழுக்குகின்றன, சரி போ, ஆறே முக்கால், உனக்காக, என்று நான் இறங்கும்போது விழிப்பு வந்துவிடுகிறது, அதாவது விற்காத பொருளுக்கு, கேட்காத ஆளிடம், பகல் தூக்கத்தில் கால் லட்சம் தள்ளுபடி கொடுத்துவிட்டு எழுந்து உட்கார்கிறேன், என் வாப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் வியாபாரத்திலிருந்து அன்றைக்கே என்னை விலக்கியிருப்பார். கல் வியாபாரத்தில் வாயால் விலை பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை, சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் தெரியக்கூடாது என்று வாங்குகிறவன் கை மேலும் விற்கிறவன் கை மேலும் ஒரு துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடிப்போம், ஒரு விரல் என்றால் ஒன்று, நாலு என்றால் நாலு, அது ஆயிரமா லட்சமா என்பது கல்லைப் பார்த்த இரண்டு பேருக்கும் தெரியும், முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் பெருநாள் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே விரல்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும், அப்படி நாற்பது வருஷம் கொழும்பிலும் ஜெய்ப்பூரிலும் ஹாங்காங்கிலும் நான் பிடித்த விரல்களை வரிசையாக நிறுத்தினால் எங்கள் தெருவிலிருந்து கடற்கரை வரைக்கும் நிற்கும், அவற்றில் அதிகம் பிடித்தது மக்தூமின் விரல், மக்தூம் என் மனைவி சுலைகாவின் காக்கா, எங்கள் பேச்சில் அண்ணன், எனக்கு மச்சான், அவனுக்கும் நான் மச்சான், உலகத்தில் ஒருவனை ஒருவன் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொள்ளும் சொந்தம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அந்த விரலைத் தொட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது.

எதிரே மேசையில் அந்தப் பறக்கும் படகின் உடம்பு உட்கார்ந்திருக்கிறது, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் சின்ன மர மாதிரி, ஒரு முழ நீளம், முதல் உலகப் போர்க் காலத்தில் கடலுக்கு மேலே பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய ஜாதி, அடிப்பாகம் அச்சு அசல் நம்மூர் வள்ளம்தான், மரப்பலகை, அடியில் நெடுக ஓடும் ஏராக்கட்டை, விலா எல்லாம் உண்டு, அதன் மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டடுக்குச் சிறகு வர வேண்டும், நடுவில் இரண்டு இன்ஜின், மூக்கில் துப்பாக்கிக்காரன் இடுப்பளவு நிற்க வட்டமாக ஒரு ஓட்டை, அடிவயிற்றில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு, அந்த வெட்டு இல்லாவிட்டால் எத்தனை வேகம் பிடித்தாலும் தண்ணீர் படகை விடாதாம், தண்ணீருக்கு அப்படியொரு ஒட்டிக்கொள்ளும் குணம், நடுவில் ஒரு படி வெட்டிக் காற்றை நுழைத்தால்தான் பிடி தளரும், அந்தப் படியை மட்டும் நான் மூன்று முறை பிரித்துச் செய்தேன். உட்கார்ந்திருக்கும் இந்த முன்கூடம் சுலைகாவின் வீட்டு முன்கூடம், அவள் வீடு என்றுதான் சொல்ல வேண்டும், எங்கள் ஊர் காயலில் வீடு பெண்பிள்ளைக்கு, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும், அந்த வழக்கப்படி மக்தூம் இரண்டு தெரு தள்ளித் தன் பெண்டாட்டி வீட்டுக்குப் போனான், நான் இங்கே வந்தேன், அவன் தவழ்ந்த கூடத்தில் முப்பத்தெட்டு வருஷமாக நான் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறேன், அவன் சண்டை போட்டுக்கொண்டு போனது என்னோடுதான், ஆனால் போனதில் அவனுக்கு அடைபட்டது அவன் பிறந்த வீட்டு வாசல், இதை நான் யோசிக்காமல் இல்லை, யோசித்துவிட்டு ஏப்பம் விட்டேன்.

ஹாங்காங்கில் இதை வாங்கிய கடை ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள் செய்து முடித்த ஒன்று நிற்கிறது, இரண்டு முழச் சிறகு, தூண்டில் தங்கூசி நரம்பு மாதிரி கம்பிகள் குறுக்கும் நெடுக்கும், மக்தூம் அதன் எதிரே நின்றவன் நின்றவன்தான், பத்து மணிக்குக் கல் வாங்குகிற ஒரு பார்ட்டி எங்களுக்காகக் காத்திருக்கிறது, அவன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, இது ஏரோப்ளேன் இல்ல மச்சான், நம்ம தோணிக்குத் திமிர் வந்திட்டா இப்படித்தான் இரிக்கும், என்கிறான், இப்போதும் என்கிறான், செய்தது விற்பனைக்கு இல்லை, செய்து பார்க்கும் பெட்டி உண்டு என்று கடைக்காரச் சீனர் சொல்ல, மூன்று நாள் போய் மூன்று நாளும் விலை கேட்டு, மூன்றாம் நாள் அவர் எங்களைக் கண்டதும் தாமே குறைத்துக் கூப்பிட்டார், அப்போதும் நாங்கள் பெட்டியைத் திறந்து எண்ணாமல் வாங்கவில்லை, மக்தூம் பட்டியலைப் படிக்க நான் கல் பிடிக்கும் சாமண இடுக்கியால் எடுத்து எடுத்து வைக்க, ஆயிரத்து நாற்பத்தாறு துண்டு, கடைசி இரண்டும் புறா, அரிசி அளவில் இரண்டு புறா, அந்தக் காலத்து ரேடியோவை நம்ப முடியாமல் விமானத்தில் புறா கொண்டுபோவார்களாம், நடுக்கடலில் இறங்கி மாட்டிக்கொண்டால் அதைத்தான் சேதி சொல்ல அனுப்புவார்களாம், எண்ணி முடிக்கும்போது சீனர் பாதிக் கடையைச் சாத்தியிருந்தார், வியாபாரத்தை விட்டு வீட்டில் உட்காருகிற வயசில் சேர்ந்து செய்வோம் என்றான் மக்தூம், எங்க, என்றேன், எங்க வீட்டு முன்கூடத்துல, வேற எங்க, என்றான், எங்க வீடு என்று அவன் சொன்னது இந்த வீட்டை.

அப்புறம் அந்தக் கல் வருகிறது, எந்தப் பக்கமாக நினைத்துக்கொண்டு போனாலும் அது குறுக்கே வந்து உட்கார்ந்துவிடும், ஒன்பது காரட் நீலம், இரத்தினபுரியிலிருந்து என் கைக்கு வந்தது, நெருப்புக் காட்டினால் வெளுத்த கல்லும் கருநீலமாகும், ஆனால் பிறவியிலேயே அந்த நிறமுள்ள கல்லின் விலையில் மூன்றில் ஒன்றுதான் அதற்கு, லென்ஸை வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு உள்ளே தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்தது, மக்தூம் பார்க்கக்கூட இல்லை, மடித்த தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான், நெருப்புக் காட்டாத கல்லுதானே மச்சான், காட்டுனதை உன்கிட்ட குடுப்பேனா, என்றேன், கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னால் பொய் ஆகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன், அவன் அதை ஜெய்ப்பூரில் இருபது வருஷப் பழக்கமுள்ள ஒரு பெரியவருக்குத் தன் வாய்ச்சொல்லில் கொடுத்தான், பெரியவரின் மகன் புதுக்காலத்துப் பையன், சோதனைக் கூடத்துக்கு அனுப்பினான், மக்தூம் போய்க் கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான், பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லையாம், டீ கொடுத்தாராம், குடிக்கும்வரைக்கும் கடைப்பையன் ஒருவன் கல்லாவை விட்டு நகராமல் நின்றானாம், இதை அவன் சொன்னதில்லை, சுலைகா சொன்னாள். அன்றைக்கு இதே மேசையில் மடித்த தாளை வைத்துவிட்டு மக்தூம் நிற்கிறான், உட்காரு மச்சான் என்கிறேன், உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா, என்கிறான், நாற்பது வருஷத்தில் முதல் தடவை நீ போய் நீங்க, ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், தெரியாது என்றேன், அது இரண்டாவது பொய், முதலாவதை விடச் சின்னது, ஆனால் அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போனான், நீங்க இந்த வீட்டுல இரிக்கிற வரைக்கும் இந்த முன்வாசல் நடையை நான் தாண்ட மாட்டேன், என்று சொல்லிவிட்டு, தாண்டி, போனான்.

கூட்டு வியாபாரத்தைப் பாகம் பிரிக்க இரண்டு உறவுக்காரர்கள் வந்து நடுவில் உட்கார்ந்தார்கள், தராசு அவனுக்கு, இரும்புப்பெட்டி எனக்கு, கொழும்பு கிடங்கு பாதிப் பாதி, எல்லாம் மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் முடிந்துவிட்டது, கடைசியில் ஹாங்காங் பெட்டி மிச்சம், விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அதற்கு நானும் தலையாட்டவில்லை அவனும் ஆட்டவில்லை, சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்கள், அதற்கும் இல்லை, கடைசியில் மக்தூம் சுவரைப் பார்த்துக்கொண்டு, உடம்பு அவங்களுக்கு, சிறகு எனக்கு, என்றான், உறவுக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை, பெட்டியைக் கவிழ்த்து எண்ணினோம், எனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு, அவனுக்கு நானூற்று முப்பத்து நாலு, வரைபடத் தாளையும் கத்திரியால் நடுவில் வெட்டி உடம்பு இருந்த பாதி எனக்கு, சிறகு இருந்த பாதி அவனுக்கு, புறாவிலும் ஆளுக்கு ஒன்று, நல்லவேளை அவை இரண்டாக இருந்தன, ஒன்றாக இருந்திருந்தால் எங்கள் புத்திக்கு அதையும் பிளந்திருப்போம்.

பதினொரு வருஷம் நான் உடம்பைச் செய்தேன், இரண்டு தெரு தள்ளி அவன் சிறகைச் செய்தான், பலகையைத் தண்ணீரில் ஊறப்போட்டு வளைத்து விலாவில் ஒட்டும்போது, தெருவழியே போகிறவர்கள் எட்டிப் பார்த்து, என்ன காக்கா, தோணி செய்றிங்களா, மாலத்தீவுக்கா, என்று கேலி பேசுவார்கள், டிக்கெட் வேணும்னா இப்பவே சொல்லு, பொறவு விலை ஏறிடும், என்பேன், ஆனால் கை மட்டும் கேலி செய்யவில்லை, கல்லைப் பிடித்துப் பழகிய சாமணம் அது, நடுங்காது. சேதி கொண்டு போகவும் கொண்டு வரவும் சுலைகா இருந்தாள், எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒரு சந்து ஓடும், பெண்கள் தெருப்பக்கம் வராமல் வீட்டுக்கு வீடு போய்வர, ஆம்பிளைகள் கால் வைப்பதில்லை, அந்த முடுக்கு வழியே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவள் அண்ணனைப் பார்க்கப் போவாள், வந்து என்னிடம் நேராகச் சொல்ல மாட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு, காக்கா மேல் சிறகுக்குத் துணி ஒட்டிட்டாங்க, என்பாள், என்ன துணியாம், என்று நான் செய்தித்தாளைப் புரட்டுவேன், உம்மாவோட பழைய மல் துப்பட்டியாம், என்பாள், நான் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே மூக்கு ஓட்டைக்கு விளிம்பு கட்ட உட்கார்ந்துவிடுவேன், இதேபோல அங்கேயும் போய்ச் சொல்வாள் போலிருக்கிறது, போட்டி நடந்துகொண்டிருந்தது, பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

போன தை மாசம் அவள் துப்பட்டியைக் கழற்றாமலே கூடத்தில் வந்து நின்றாள், காக்காவுக்குக் கண்ணுல அழுத்தமாம், திருநெல்வேலி டாக்டர் பார்த்திரிக்காங்க, ரெண்டு பக்கமும் போயிட்டாம், நடுவுல மட்டும் குழாய் வழியாப் பாக்கற மாதிரி ஒரு வட்டம் இரிக்கி, மருந்து விட்டா அது இன்னும் மூணு மாசமோ நாலு மாசமோ நிக்குமாம், என்றாள், ஒரு கல்லை நூறு கல்லுக்கு நடுவே தூரத்திலிருந்து நிறம் சொல்லி எடுத்த கண் அது, அவங்க உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னாங்க, என்றாள், என்ன சொன்னான், என்றேன், சிறகைப் பார்த்தாச்சு, முழுசா சேர்த்து ஒரு தடவை பார்த்திட்டா போதும்னாங்க. அப்படியென்றால் உடம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்றேன், உடனே, நல்ல மனசு பொங்கி வழிய, சுலைகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நீங்க குடுத்து எங்க காக்கா வாங்குவாங்களா, தர்மம் வாங்கற ஆளா அவங்க, இங்கதான் சேரணும், அவங்க பொறந்த கூடத்துல, அதுக்கு வழி நான் பார்த்துக்கறேன், நீங்க உடம்பை முடிச்சு வைங்க, என்றாள். முடிக்க ஒரே ஒரு அளவு பாக்கி இருந்தது, கீழ்ச் சிறகின் நடுவே ஒரு வாய் இருக்கும், அதற்குள் உடம்பின் தோள் இறுக்கமாக உட்கார வேண்டும், தோள் மரத்தைக் கொஞ்சம் தடிமனாகத்தான் கொடுத்திருப்பார்கள், சிறகின் வாய்க்குத் தக்கபடி உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ள வேண்டும், வாயின் அளவு எழுதிய பாதி வரைபடம் அவனிடம், கேட்டு அனுப்பினேன், முடுக்கு வழியே பதில் வந்தது, கல் மடிக்கும் தாளில், அவன் கையெழுத்தில், கோணலாக, நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.

நாற்பத்தெட்டு, என்று மேசையில் தாளை வைத்துக்கொண்டு சிரித்தேன், மக்தூமின் நாற்பத்தெட்டு எனக்குத் தெரியாதா, அவன் ஐம்பது சொன்னால் நாற்பத்தெட்டுக்குக் கொடுப்பான், கேட்கிறவன் குறைப்பான் என்று முன்கூட்டியே ஒரு இரண்டு ஏற்றித்தான் அவன் வாயிலிருந்து எந்த எண்ணும் புறப்படும், எங்கள் பரம்பரையில் வயசு கேட்டாலே இரண்டு கூட்டிச் சொல்கிற ஆட்கள் உண்டு, அதுவும் எனக்குச் சொல்கிற எண், பதினொரு வருஷக் கோபத்தோடு, ஆகவே நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தாறு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உப்புத்தாளை எடுத்தேன், காலிப்பரை வைத்து வைத்துப் பார்த்து, மெல்ல, அழகாக, நாற்பத்தாறு புள்ளி பூஜ்யத்தில் நிறுத்தினேன், தேய்த்த தூளை ஊதிவிட்டு, என்னை ஏமாற்ற இன்னொருவன் பிறக்க வேண்டும் என்று டீ கேட்டேன்.

சுலைகா பார்த்த வழி இதுதான், காக்கா முன்வாசல் நடையைத்தானே சொன்னாங்க, பின்வாசலைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலியே, என்று அண்ணனிடம் அவன் சொன்ன சொல்லையே நீட்டிக் காட்டியிருக்கிறாள், கல் வியாபாரி வீட்டில் பிறந்தவள், அவன் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, சரக்கு சுத்தம், என்றானாம். அந்தக் கனவு கண்டு எழுந்த அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணி, பின்வாசலில் நான் நிற்கிறேன், முடுக்கின் அந்தக் கோடியில் முதலில் சுலைகாவின் குரல், ஒதுங்குங்கம்மா, ஆம்பளை வருது, ஆம்பளை வருது, அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி, ஆம்பளைக்கு இங்க என்னடி வேலை, இன்னொருத்தி, அட மக்தூம் காக்கா, சிறகு மொளச்சிட்டா, பறந்தே போயிடலாமே, என்று சிரிக்க, கதவுகளுக்குப் பின்னால் வரிசையாக வளையல் சத்தம், இரண்டு சுவர்களுக்கு நடுவே பழைய போர்வையில் சுற்றிய இரண்டு முழச் சிறகைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு என் மச்சான் வருகிறான், தலை நரைத்துவிட்டது, தோள் சுவரில் உரசுகிறது, உரசுவது அவனுக்குத் தெரியவில்லை, சுவர் அவன் வட்டத்துக்குள் இல்லை, சிறகு மட்டும் எங்கேயும் உரசவில்லை, ஒன்பது வயசில் தெருவில் மட்டை அடித்துக்கொண்டு அவன் ஓடி வருகிறான், நான் பக்கத்து வீட்டுப் பையன், பந்து முடுக்குக்குள் போய்விட்டது, நீ போ, நீ போ, என்று ஒருவனை ஒருவன் தள்ளுகிறோம், அவன் போகிறான், அடி வாங்கிக்கொண்டு வருகிறான், பந்தோடு வருகிறான், இப்போது சிறகோடு வந்து நின்று, அஸ்ஸலாமு அலைக்கும், என்று என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் காற்றைப் பார்த்துச் சொல்கிறான், வ அலைக்குமுஸ்ஸலாம், வாங்க, என்றேன், நானும் வாங்க என்றேன், என்ன செய்வது, வாய்க்கு அதுதான் வந்தது.

கூடத்து மேசையில் போர்வையைப் பிரித்தான், பழைய மல் துணி பசை தடவித் தடவித் தோல் மாதிரி இறுகியிருக்கிறது, இரண்டு அடுக்கையும் சேர்க்கும் தாங்குகால்கள், கம்பிகள், ஒவ்வொரு முடிச்சும் எள்ளை விடச் சின்னது, மூன்றில் இரண்டு பங்கு கண் போன ஆள் போட்ட முடிச்சு எது, கண் இருந்தபோது போட்டது எது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது, பார்த்தேன், சொல்ல முடியவில்லை. நான் உடம்பைப் பிடிக்க அவன் சிறகை மேலிருந்து இறக்கினான், வாய் தோளில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்து, ஆடியது, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், பல் விழுந்த வாயில் புட்டு மாதிரி, மக்தூம் இடுக்கில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தான், நகம் நுழைந்தது, நாற்பத்தெட்டுன்னுதானே அனுப்பிச்சேன், என்றான், மூணு தடவை அளந்தேனே, கண்ணால இல்ல, விரலால, தப்பாப் போயிட்டோ, என்று தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டான், கடைசியாக மிச்சம் இருந்த அந்த விரல்களும் கைவிட்டுவிட்டனவோ என்று ஒரு பார்வை. எனக்குப் பதில் தயாராக இருந்தது, எப்போதும் இருக்கும், கடற்காற்றுக்கு மரம் சுருங்கிடும் மச்சான், ஒரு மழைக்காலம் போனா சரியாயிடும், எத்தனை அழகான பதில், யாருக்கும் நஷ்டம் இல்லை, அவனும் நம்புவான், நம்பி, தன் விரல் தப்பில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான், நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சமையலறை வாசலில் சுலைகா டீத் தட்டோடு நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன், அவன் கையைப் பிடித்து மேசை மேல் வைத்தேன், என் கையையும் வைத்துத் துண்டால் மூடினேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பழக்கம், கை தானாக விரிந்து கொடுத்தது, பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த விரல்கள், மெலிந்துவிட்டன, நுனியில் பசை காய்ந்து சொரசொரப்பு, அதில் இரண்டை மட்டும் சேர்த்துப் பிடித்தேன், அழுத்தினேன், ரெண்டு, ரெண்டு என்ன, என்றான் அவன், நான் குறைச்சது, என்றேன், நீங்க நாப்பத்தெட்டுன்னுதான் அனுப்பினீங்க, ரெண்டு ஏத்தித்தான் சொல்லியிருப்பீங்கன்னு நான் நாப்பத்தாறா தேச்சிட்டேன், உங்க விரல் சரி. துண்டுக்குள் மக்தூமின் கை அசையாமல் இருந்தது, அப்புறம் வயிறு குலுங்க ஆரம்பித்தது, அப்புறம் தோள், சிரிக்கிறான், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மை விலை சொன்னேன், அதுலயும் நீ ரெண்டு குறைச்சியா மச்சான், என்றான், சுலைகாவின் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன, நீ என்று சொன்னதை அவளும் கேட்டுவிட்டாள். சிரிப்பு அடங்கியது, துண்டை நான் எடுக்கவில்லை, அவனும் கையை எடுக்கவில்லை, அவன் என் விரல் ஒன்றைத் தேடிப் பிடித்தான், சுட்டுவிரலை மட்டும், ஒன்று, அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஒரு கல், தெரியும் மச்சான், என்றேன் வாய்விட்டு, சமையலறை வரைக்கும் கேட்கட்டும் என்று, நெருப்புக் காட்டுன கல்லுன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட குடுத்தேன், அவன் விரலை விடவில்லை, தலையை ஆட்டினான், சரி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை, அந்தப் பேச்சே அங்கே இல்லை, நீ தெரிஞ்சுதான் குடுத்தேன்னு எனக்கும் தெரியும், அது உனக்குத் தெரியும்லா, என்று மட்டும் கேட்டான், தெரியும் என்றேன், பொறவு ஏன் இத்தனை வருஷம், என்று தொடங்கி, அதை முடிக்காமல், சுலைகா, தீப்பெட்டி கொண்டா, என்றான்.

தீக்குச்சி இரண்டு மில்லிமீட்டர், இது எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது, மருந்தை உரசி எடுத்துவிட்டு ஒரே குச்சியை நெடுக இரண்டாகப் பிளந்தேன், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர், ஆளுக்குப் பாதி, அவன் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பசை வைத்துத் தோளின் இரண்டு பக்கமும் ஒட்டி, சிறகை மறுபடி இறக்கினோம், இறுகிக்கொண்டது, அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை, படகு எழுந்து நின்றது. மக்தூம் பக்கத்தில் நின்று பார்த்தான், அவனுடைய வட்டத்துக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது, தலையைத் திருப்பினான், ஒரு இன்ஜின், இன்னும் திருப்பினான், சிறகின் நுனி, துண்டு துண்டாத்தான் வருது, என்றான், ஒரு அடி பின்னால் போனான், கொஞ்சம் கூட வந்தது போல, இன்னொரு அடி, இடப்பக்கம் வந்திட்டு, வலப்பக்கம் இன்னும் இல்ல, என்று கூடத்தின் குறுக்கே கையைப் பின்னால் நீட்டியபடி பின்னோக்கியே போனான், நான் மேசையை விட்டு நகரவில்லை, கதவு நிலையில் அவன் முதுகு தட்டியது, கையால் நிலையைத் தடவி, ஒரு காலைத் தூக்கி, பின்பக்கமாகவே முன்வாசல் நடையைத் தாண்டினான், மறுகாலையும் எடுத்து வைத்தான், தெருவில் நின்றான், சைக்கிளில் போன ஒருவன் மணி அடித்து ஒதுங்கினான், நான் சொல்லவில்லை, சுலைகா வாய் திறக்கப் போனாள், கையைக் காட்டி நிறுத்தினேன், பிற்பகல் வெயிலில் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என் மச்சான் வீட்டுக்குள் பார்க்கிறான், இப்ப முழுசா வந்திட்டு மச்சான், என்றான், மேல் சிறகு, கீழ் சிறகு, வால், எல்லாம், நடுவுல நீயும் நிக்கிற, கொஞ்சம் ஒதுங்கு, ஒதுங்கினேன், பார்த்தான், கண்ணைச் சிமிட்டாமல் ரொம்ப நேரம் பார்த்தான், அப்புறம் தெருவிலிருந்தே, என்ன விலை சொல்றே, என்றான், அவன் கைக்கும் என் கைக்கும் நடுவே ஒரு கூடமும் ஒரு வாசலும் இருந்தது, அத்தனை நீளத்துக்கு ஊரில் துண்டு கிடையாது, எல்லோரும் பார்க்க வெறுங்கையைத் தூக்கி மூடிய முட்டியாகக் காட்டினேன், பிடிக்க விரல் இல்லாத கை, விலையும் இல்லை, அது அவன் வட்டத்துக்குள் நன்றாகத் தெரிந்திருக்கும், சிரித்தான். புறா எங்க, உன் புறாவைக் குடு, ஒட்டிடுவோம், என்றேன், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கல் மடிக்கிற தாளில் மடித்து அங்கேதான் வைத்திருக்கிறான், பதினொரு வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது போல, அது நிக்கட்டும், என்றான், கணக்கை ஒரேயடியா முடிச்சிட்டா, பொறவு மச்சான் வீட்டுக்கு வர எனக்கு என்ன வேலை, என்று சொல்லிவிட்டு, டீ ஆறுதே, என்று அதே நடையைத் தாண்டி, இந்தத் தடவை முன்பக்கமாக, உள்ளே வந்தான். பட்டியல் தாளின் அடியில் அன்றைக்கே எழுதி வைத்தேன், வரவு ஆயிரத்து நாற்பத்தாறு துண்டு, அதற்கு மேல் தீக்குச்சி ஒன்று, அது அவன் யோசனை, பிளந்தது நான், ஒட்டியது ஆயிரத்து நாற்பத்தைந்தும் குச்சி ஒன்றும், கழிவு இரண்டு மில்லிமீட்டர் மரத்தூள், என் பொறுப்பு, மச்சானிடம் பாக்கி, புறா ஒன்று.